குளச்சல் முதல் தங்கசேரி வரை: கடலோரப் பழைய ஊர்களைப் படமெடுப்பது குறித்து

வேளிமலை கேட்டது:

நண்பர்களுக்கு வணக்கம். நான் மார்த்தாண்டத்தில் வசிக்கிறேன். வரும் மார்கழி விடுமுறையில் வட்டக்கோட்டையில் தொடங்கி, கன்னியாகுமரி, முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் வழியாக எல்லையைக் கடந்து, விழிஞ்ஞம், அஞ்சுதெங்கு, தங்கசேரி வரை கடற்கரையை ஒட்டியே சென்று, வழியிலுள்ள கோட்டைகளையும் கலங்கரை விளக்கங்களையும் பழைய தேவாலயங்களையும் பள்ளிவாசல்களையும் படமெடுக்க எண்ணியிருக்கிறேன். என்னிடம் இருப்பது சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவும் அதனுடன் வந்த 18-55 லென்ஸும்தான்.

இதுவரை இந்தப் பகுதியில் நான் எடுத்தவை பெரும்பாலும் சூரிய அஸ்தமனப் படங்களே. அழகாகத்தான் இருக்கின்றன; ஆனால் அது முட்டமா, கோவளமா, கோவாவா என்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. கட்டடத்தைச் சேர்த்து எடுத்தால் அது கறுத்துப்போகிறது. கட்டடத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைக் கூட்டினால் வானம் முழுவதும் வெளுத்துவிடுகிறது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 1741 ஆகஸ்ட் 10 அன்று மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுப் படையைத் தோற்கடித்த குளச்சலில், அதன் நினைவாக நிற்கும் வெற்றித்தூணைப் பலமுறை படமெடுத்திருக்கிறேன். படத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. அந்தப் போர் அதில் இல்லை. வரலாற்றுச் சிறப்புள்ள ஓர் இடத்தை, அந்தச் சிறப்பு தெரியும்படி எடுப்பது எவ்வாறு? எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் செல்வது, எங்கெங்கே அனுமதி பெற வேண்டும், பழைய விலைக்கு ஒரு நீண்ட லென்ஸ் வாங்குவது பயன்படுமா என்பவற்றையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முக்கடல் எழுதியது:

வேளிமலை அவர்களுக்கு வணக்கம். நேரத்தைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் கட்டடம் கறுத்துப்போவதற்கான காரணமும் அதில்தான் இருக்கிறது. சாலையிலிருந்து கடலை நோக்கி நின்று மாலையில் படமெடுக்கிறோம். சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் பக்கம் நிழலில் கிடக்கிறது. இதை எந்த கேமராவாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. நிற்கும் இடத்தை மாற்றினால் மட்டுமே தீரும்.

கன்னியாகுமரியிலிருந்து தேங்காப்பட்டணம் வரை நம் கரை தென்மேற்கைப் பார்த்தபடி அமைந்திருக்கிறது. மார்கழியில் சூரியன் நண்பகலிலும் தெற்கே சாய்ந்தே நிற்கும். மறைவதும் நேர் மேற்கில் அல்லாமல் தென்மேற்குப் பக்கமாகத்தான். ஆகவே அந்த மாதத்தில் பிற்பகல் முழுவதும் கட்டடங்களின் கடல்பக்கம் ஒளியில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் கடலுக்குள் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்கு நம் ஊர்களில் வழி இருக்கிறது. கடலரிப்பைத் தடுக்கக் கட்டிய தூண்டில் வளைவுகளும் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களும் கரையிலிருந்து வெகுதூரம் கடலுக்குள் நீள்கின்றன. கடல் அமைதியாக உள்ள நாளில், மூன்றரை மணிக்கு மேல், அவற்றில் பாதுகாப்பாக நிற்கக்கூடிய இடத்திலிருந்து ஊரைத் திரும்பிப் பாருங்கள். கோயில் கோபுரமோ தேவாலய முகப்போ பள்ளிவாசலோ தென்னைகளுக்கு மேலே எழுந்து நிற்க, முன்னால் வள்ளங்களும் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஒரே சட்டகத்தில் அமையும். கடல்வழி வந்தவர்கள் முதலில் கண்ட ஊர் அதுதான். நீண்ட லென்ஸ் இங்கேதான் பயன்படும்; 55-250 போன்ற ஒன்று பழைய விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். அகலக் கோண லென்ஸ் வேண்டாம் என்பது என் கருத்து. அது மலையைச் சிறுகுன்றாக்கிவிடும்.

கன்னியாகுமரியில் இதே வேலையை விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகு செய்துதருகிறது. பாறைக்குப் போகிறவர்களில் பலர் மண்டபத்தையும் 133 அடி வள்ளுவர் சிலையையும், 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தையும் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பாறையில் நின்று ஊரை எடுங்கள். வெள்ளை வெளேரென்று நிற்கும் அலங்கார உபகார மாதா திருத்தலம், கரையோர வீடுகள், அப்பால் மருந்துவாழ் மலை எல்லாம் பக்கவாட்டு ஒளியில் கிடைக்கும். கடைசிப் படகு பிற்பகலிலேயே முடிந்துவிடுவதால் நேரத்தைக் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். தியான மண்டபத்தினுள்ளும் குமரி அம்மன் கோயிலினுள்ளும் படமெடுக்க அனுமதி இல்லை.

வட்டக்கோட்டை மட்டும் இந்தக் கணக்குக்கு உட்படாது. அந்தக் கரை கிழக்கையும் தென்கிழக்கையும் பார்க்கிறது. காலை ஒளிதான் அதற்கு உரியது. பார்வையாளர்களை உள்ளே விடும் நேரத்துக்குள் சூரியன் மேலேறிவிடும் என்பதால், அதிகாலையில் வெளியே கரையில் நின்று கருங்கல் மதிலை எடுத்துவிட்டு, பிறகு உள்ளே போய் மேல்தளத்திலிருந்து ஒருபுறம் கடலையும் மறுபுறம் மலையையும் எடுப்பதே முறை. நம் அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக மேலேறுகிறது. விடிந்து ஒன்றரை மணிநேரம் கழிந்தால் சாய்வொளி முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்களுடைய பெரிய கேள்வி. குளச்சல் போரை ஒரு படத்தில் கொண்டுவர முடியாது, முயற்சியும் வேண்டாம். அந்தப் போரில் பிடிபட்ட டிலனாய் என்ற டச்சுப் படைத்தலைவரைப் பின்தொடர்ந்து பாருங்கள். அவர் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சியளித்து, ‘வலிய கப்பித்தான்’ என்று அழைக்கப்பட்டு, 1777-இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள், கூரையிழந்த சிற்றாலயத்தில், இலத்தீனும் தமிழும் பொறித்த அவருடைய கல்லறை இருக்கிறது. நீங்கள் தொடங்கப்போகும் வட்டக்கோட்டையும் அவருடைய மேற்பார்வையில் வலுப்படுத்தப்பட்டது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. ஆகவே குளச்சல் கடற்கரை, தூண், உதயகிரி மதில், கல்லறை எழுத்து, வட்டக்கோட்டை என ஐந்தாறு படங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதினால் ஒரு மனிதரின் வாழ்க்கையும் அந்தப் போரும் தாமாகவே விளங்கும். பயணப் படங்களுக்குக் கீழே எழுதுவதைப் பலர் இழுக்காக நினைக்கிறார்கள். வரலாற்று இடங்களைப் பொறுத்தவரை எழுத்தில்லாத படம் பாதிப் படம்தான்.

கல்லறை எழுத்துகளை எடுக்கும்போது கேமராவிலுள்ள ஃபிளாஷ் உதவாது. நேராக விழும் ஒளி பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றாக்கிவிடும். கையடக்க டார்ச் விளக்கைக் கல்லின் ஓரமாக, அதன் பரப்பை உரசிச் செல்லும்படி பிடியுங்கள். தேய்ந்த எழுத்தும் நிழல் பெற்றுத் தெரியும். அதற்காகச் சுண்ணக்கட்டியோ மாவோ பூசுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கல்லுக்குத் தீங்கு செய்யும் அந்த வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

அனந்தபுரிவாசி எழுதியது:

முக்கடல் அண்ணன் குமரிக் கரையைப் பற்றிக் கூறியதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் எல்லைக்கு இப்பால், குறிப்பாகக் கொல்லம் பக்கத்தில், மாலையைவிடக் காலையே சிறந்தது என்று திருவனந்தபுரத்தில் நெடுங்காலமாக வசிக்கும் எனக்குத் தோன்றுகிறது. இங்கே கரை மேற்கைப் பார்க்கிறது. காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க, ஊர்ப்பக்கத்திலிருந்து கடலை நோக்கி எடுத்தால் கட்டடம் முழு ஒளியிலும் அதன் பின்னால் வானம் அடர்ந்த நீலத்திலும் இருக்கும். 1902-இல் எழுப்பப்பட்ட 41 மீட்டர் உயரத் தங்கசேரிக் கலங்கரை விளக்கம், சிவப்பும் வெள்ளையுமாகச் சாய்ந்து செல்லும் பட்டைகளைக் கொண்டது. எட்டு மணிக்கு முன்பு அந்தச் சிவப்பு காட்டும் நிறத்தை மாலையில் நான் கண்டதில்லை. மாலையில் அங்கே கூட்டமும் அதிகம்.

உயரமான விளக்கத்தை அருகில் நின்று அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் சாய்ந்து விழுவதுபோல் தெரியும். கேமராவை மேலே தூக்கியதே அதற்குக் காரணம். நன்றாகப் பின்னால் வந்து, கேமராவைத் தரைக்கு இணையாகப் பிடித்து, கீழே தேவையின்றி விழும் தரைப்பகுதியைப் பிறகு வெட்டிவிடுங்கள். தங்கசேரியில் பின்வாங்க இடமும் இருக்கிறது. சில தெருக்கள் தள்ளி வந்தால் பழைய ஓட்டுக்கூரைகளுக்கு மேலே விளக்கம் எழுந்து நிற்பதைக் காணலாம். போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டி, 1661-இல் டச்சுக்காரர் கைக்கும் பிறகு ஆங்கிலேயர் கைக்கும் போன தோமையார் கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது வெட்டுக்கல் சுவரின் சில பகுதிகள்தாம். முழுக்கோட்டையைத் தேடிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். வெட்டுக்கல்லின் பொந்துகளும் அதில் வேர்விட்ட செடிகளும் மேகமூட்டமான நாளில் மிக நன்றாகப் பதியும், வெயிலில் கரும்புள்ளிகளாகிவிடும்.

இந்த வரிசையில் ஓர் இடத்துக்குத்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றால் அஞ்சுதெங்கைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். ஆற்றிங்கல் அரசியிடம் 1684-இல் இடம் பெற்ற ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கே கோட்டை எழுப்பியது. 1721-இல் பரிசுப் பொருள்களுடன் ஆற்றிங்கலுக்குச் சென்ற ஆங்கிலேயர் ஏறக்குறைய 140 பேர் கொல்லப்பட்டு, கோட்டையும் மாதக்கணக்கில் முற்றுகையிடப்பட்டது. நான்கு மூலைக் கொத்தளங்களுடன் சிறிய சதுரமாக நிற்கும் அந்தக் கோட்டையைத் தரையில் நின்று எடுத்தால் நீண்ட ஒரு மதில் மட்டுமே கிடைக்கும். பக்கத்திலுள்ள கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பாருங்கள். கோட்டையின் சதுரமும், ஒருபுறம் கடலும், மறுபுறம் காயலும், இடையில் நெருங்கிக் கிடக்கும் குடியிருப்பும் தெரியும். கம்பெனிக்காரர்கள் இந்த ஒடுங்கிய நிலத்தைக் கேட்டு வாங்கியதன் காரணம் அங்கிருந்து பார்த்தால் உடனே விளங்கும். ட்ரோன் இல்லாமலேயே வான்பார்வை கிடைக்கிறது. விளக்கங்களுக்குப் பார்வை நேரமும் விடுமுறை நாளும் உண்டு. முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.

விழிஞ்ஞத்தில் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயில் ஒன்று இருக்கிறது. சிறியது, அதன் இருபுறமும் முற்றுப்பெறாத சிற்பங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பழைய மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்தால் பள்ளிவாசலும் தேவாலயமும் தெரியும். சற்றுத் தள்ளிப் புதிய பன்னாட்டுத் துறைமுகத்தின் ராட்சதப் பாரந்தூக்கிகளும் தெரியும். அவற்றைத் தவிர்த்து எடுப்பதற்காகப் பலர் படாதபாடு படுகிறார்கள். ஆய் மன்னர்கள் காலம் தொட்டுத் துறைமுகமாக இருந்த ஊரில் பாரந்தூக்கி தெரிவதில் என்ன குறை? துறைமுக வளாகத்தை நெருங்கிச் சென்று எடுப்பது, கடலோரக் காவல் படையின் கட்டடங்களை எடுப்பது ஆகியவை மட்டும் வேண்டாம்.

அனுமதி பற்றிச் சுருக்கமாக: தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் கையில் பிடித்து எடுப்பதற்குப் பொதுவாகத் தடை இல்லை, முக்காலி வைத்தால் முன் அனுமதி கேட்பார்கள். கேரளக் கோயில்களின் உள்ளே கேமராவை எடுக்கவே வேண்டாம். தேவாலயத்தில் பங்குத்தந்தையிடமும், பள்ளிவாசலில் ஜமாஅத்தாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பெரும்பாலும் அவர்களே உடன்வந்து காட்டுவார்கள். தேங்காப்பட்டணத்தின் பழமையான கல்பள்ளிக்குச் செல்லும்போது தொழுகை நேரத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

வேளிமலை எழுதியது:

முக்கடல் அண்ணனுக்கும் அனந்தபுரிவாசி அவர்களுக்கும் நன்றி. டிலனாய் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு ஐயம்: கரையில் மீன் ஏலம் நடக்கும்போதும் கரமடி வலையைக் கரைக்கு இழுக்கும்போதும் மக்களை எடுக்கலாமா? ஊரைக் காட்ட வேண்டுமானால் ஊரார் இல்லாமல் முடியாது. ஆனால் கேமராவை நீட்டத் தயக்கமாக இருக்கிறது.

கரமடி எழுதியது:

நான் குளச்சலுக்கு அருகிலுள்ள ஒரு மீனவ ஊரைச் சேர்ந்தவன். என் குடும்பத்தார் இன்றும் கடலுக்குப் போகிறவர்கள். உங்கள் தயக்கம் நியாயமானதே. அதிகாலையில் கரை ஏறும் மீனுக்கு விலை பேசிக்கொண்டிருப்பவரின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டினால் கோபம் வரத்தான் செய்யும், ஏனெனில் அந்த அரைமணி நேரம்தான் அவருடைய அன்றைய வருமானம். ஏலம் முடியட்டும். வலையைப் பிரித்துச் சிக்கெடுக்கும் நேரத்தில் எல்லாரும் சாவகாசமாக இருப்பார்கள். அப்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, எந்த ஊர் என்று சொல்லிப் பேச்சுக் கொடுத்துவிட்டுப் பிறகு கேளுங்கள். எல்லைக்கு அப்பால் “சேட்டா, ஒரு ஃபோட்டோ எடுத்தோட்டே?” என்றால் போதும். விழிஞ்ஞம் முதல் கொல்லம் வரை எந்தத் துறையிலும் நம் குமரி மாவட்டத்து ஆட்கள் யாராவது இருப்பார்கள். தமிழில் கேட்டாலும் பதில் கிடைக்கும். கரமடியை எடுப்பதற்கு நான் சொல்லும் ஒரே நிபந்தனை, கயிற்றின் குறுக்கே நிற்காமல் இருப்பதுதான். முடிந்தால் சிறிது நேரம் கயிற்றைப் பிடித்து இழுங்கள். பிறகு உங்களை யாரும் வேற்றாளாகப் பார்க்க மாட்டார்கள்.

நாள் தேர்வும் முக்கியம். எங்கள் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அன்று வள்ளங்கள் எல்லாம் கரையில் வரிசையாக இருக்கும். தேவாலயத்தையும் வள்ளங்களையும் சேர்த்து எடுப்பதற்கு அதைவிட நல்ல நாள் இல்லை, ஏலத்தை எடுப்பதற்கு அதைவிட வீணான நாளும் இல்லை. விசைப்படகுகள் நிறைந்த துறைமுகம் வேண்டுமென்றால் மீன்பிடித் தடைக்காலத்தில் வாருங்கள். நம் மாவட்டத்தில் இரண்டு தடைக்காலங்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைக் கணக்கில் வரும் முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணத்தில் ஜூன், ஜூலை இரு மாதங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இறந்தவர்களுக்குக் குளச்சல் பகுதியிலும் மணக்குடியிலும் நினைவிடங்கள் உள்ளன. நீங்கள் வருவது மார்கழி என்பதால் சொல்கிறேன்: அந்த நாளில் அங்கே வழிபாடு நடக்கும். இடத்தைப் படமெடுக்கலாம், அழுகிறவர்களை எடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தூண்டில் வளைவில் நின்று எடுக்கும்படி முக்கடல் அண்ணன் எழுதியிருக்கிறார். கடல் அமைதியான நாளில் என்று அவர் சொன்னதை மட்டும் நம்பிவிட வேண்டாம். வானம் தெளிந்து காற்றே இல்லாத நாளிலும், எங்கோ தொலைவில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழுந்த அலைகள் திடீரென்று கரையில் ஏறும், கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது அத்தகைய எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம் என்றாலும் எப்போது வந்தாலும் கடல்நிலையை முன்னறிவிக்கும் அரசு அமைப்பான இன்காய்ஸ் நிறுவனத்தின் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டு, கரையில் வலை சரிசெய்பவரிடமும் ஒரு சொல் கேளுங்கள். நனைந்திருக்கும் கல்லில் காலை வைக்காதீர்கள்; அலை அங்கே வந்துபோயிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. முட்டம் பாறைகளுக்கும் இது பொருந்தும். 1875 முதல் அங்கே நிற்கும் கலங்கரை விளக்கத்தைப் பாறை நுனிக்குப் போகாமல் மேட்டிலிருந்தே நன்றாக எடுக்கலாம்.

பாறசாலைப்பயணி எழுதியது:

கருவிகளைப் பாதுகாப்பது குறித்து ஒருவரும் எழுதாததால் இரண்டு செய்திகள். விடுதியில் குளிர்சாதன அறையில் இரவு முழுவதும் வைத்திருந்த கேமராவை விடியற்காலையில் நேராகக் கடற்கரைக்குக் கொண்டுபோனால், கடற்காற்றின் ஈரம் லென்ஸில் படிந்து, நல்ல ஒளி முடியும்வரை ஒன்றும் எடுக்க முடியாமல் போகும். முந்தைய இரவே பையை நன்றாக மூடிக் குளிர்சாதனம் இல்லாத இடத்தில் வையுங்கள். அல்லது கிளம்புவதற்கு அரைமணி நேரத்துக்கு முன்பு மூடிய பையுடன் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

அடுத்தது உப்பு. கடற்காற்றில் வரும் நுண்துளி காய்ந்து லென்ஸின் மேல் உப்பாகப் படியும். அதனுடன் மணலும் இருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் கண்ணாடி கீறும். முன்னால் ஒரு யூவி ஃபில்டரை மாட்டிவிடுங்கள்; மாலையில் முதலில் ஊதுகுழலால் மணலைப் போக்கி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றியெடுத்து, அதன்பிறகே உலர்ந்த துணியை எடுங்கள். முக்காலியின் கால்களையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். கடற்கரையில் லென்ஸை மாற்ற வேண்டியிருந்தால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, கேமராவின் வாயைக் கீழே பார்த்தபடி பிடித்து மாற்றுங்கள்.

வெள்ளைத் தேவாலயங்களை எடுக்கும்போது சட்டகத்தில் பெரும்பகுதி வெள்ளையாக இருந்தால் கேமரா ஏமாந்து அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். முக்கால் ஸ்டாப் அளவுக்கு வெளிச்சத்தைக் கூட்டி, திரையில் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்தால் பிறகு திருத்த இடமிருக்கும். ட்ரோன் எண்ணம் வந்தால், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்க்காமல் பறக்கவிடாதீர்கள். திருவனந்தபுரம் விமான நிலையமே கடற்கரையை ஒட்டித்தான் இருக்கிறது.